மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா மார்க் ஃபிஷர்?

கேள்வி: வயது 34. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். ஏழு மாதமாக மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 100 மி.கி. சாப்பிடுகிறேன், ஓரளவு தேறியிருக்கிறேன். அண்மையில் மார்க் ஃபிஷரின் ‘கேப்பிடலிஸ்ட் ரியலிசம்’ (முதலாளித்துவ யதார்த்தம்) படித்தேன். என் கதையை யாரோ எழுதியது போல இருந்தது. நோய் என் மூளையில் இல்லை, இந்த அமைப்பில்தான் இருக்கிறது என்றால் நான் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும்? நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த அவரே தற்கொலை செய்துகொண்டார் என்று படித்ததிலிருந்து, எதுவும் மாறப்போவதில்லை என்ற எண்ணமும் விடாமல் வருகிறது. சில ராத்திரிகளில், காலையில் கண் விழிக்காமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண் விழிக்காமலே இருந்தால் தேவலை என்ற நினைப்பு மனச்சோர்வில் பலருக்கும் வரும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் உங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். அந்த நினைப்பு ‘எப்படி’, ‘எப்போது’ என்று நகர ஆரம்பித்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஒரு நிமிடமும் தனியாக இருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாத்திரைக் கையிருப்பை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைத்து வாராவாரம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி உங்கள் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை.

இனி ஃபிஷர். 1968இல் இங்கிலாந்தில் பிறந்த பண்பாட்டு விமர்சகர். ‘கே-பங்க்’ என்ற பெயரில் எழுதி வந்தவர். பள்ளி முடித்த 16 முதல் 19 வயதுப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார், பின்னாளில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் கற்பித்தார். 2009இல் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தின் வலுவான பக்கங்கள் அந்தக் கல்லூரி வகுப்பறையிலும் ஸ்டாஃப் ரூமிலும் பிறந்தவை. அதனால்தான் உங்கள் கதையாகப் பட்டிருக்கிறது.

அவர் சொன்னது என்ன? மனநோய்கள் எல்லாமே மூளையில் நிகழ்பவைதான் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். மூளை வேதிப்பொருளான செரோட்டோனின் குறைவே மனச்சோர்வு என்று வைத்துக்கொண்டாலும், இந்த மனிதருக்கு ஏன் அது குறைந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே என்பது அவர் வாதம். வேலை நிரந்தரமில்லாமல் போனது, கடன், ஓயாத கண்காணிப்பு, எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து மனிதர்களை நோகடிக்கின்றன. நொந்தவரிடமோ, கோளாறு உன் மூளை வேதியியலிலும் உன் குடும்பத்திலும்தான், போய்ச் சரிசெய்துகொள் என்று சொல்லப்படுகிறது. ஊரே கிளப்பிய மன அழுத்தத்தை ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியாகக் கட்டும் இந்த ஏற்பாட்டை மன அழுத்தத்தின் தனியார்மயம் என்றார்.

‘நோய் என் மூளையில் இல்லை’ என்பது நீங்கள் சேர்த்தது. அவர் எதிர்த்தது காரணத்தை மூளையோடு முடித்துக்கொள்வதை. மாத்திரையை விடச் சொல்லி அந்தப் புத்தகம் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பஞ்சாலைத் தூசியால் மூச்சிரைப்பு வந்த தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். நோய்க்குக் காரணம் ஆலை, அதில் சந்தேகமே இல்லை. தூசியை உறிஞ்சும் இயந்திரம் வைக்கச் சொல்லி நிர்வாகத்தோடு போராடத்தான் வேண்டும். அதுவரை அவர் இன்ஹேலரைத் தூக்கி எறிந்தால் நிர்வாகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை, இரைப்பது அவருக்குத்தான். காரணம் வெளியே இருப்பதால் சிகிச்சையும் வெளியேதான் என்றாகாது.

மாத்திரைக் கணக்கை இதோடு பேசி முடித்துவிடலாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஜோனா மாங்கிரீஃப் குழு 2022இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செரோட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. மாத்திரை வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 2018இல் 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர் என்று கூட்டிப் பார்த்தது. 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிடப் பலன் தந்தன. பலன் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், மிதமானதுதான். ஆனால் எழுந்து உட்காரவே முடியாதவருக்கு அந்த மிதமான பலன் பெரிய விஷயம்.

நிறுத்தும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. முழுக்கத் தேறிய நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அதே டோஸில் தொடர வேண்டும். நோய் முன்பும் வந்து போயிருந்தால் இரண்டு ஆண்டுவரை நீளலாம். ‘ஓரளவு’ தேறியிருப்பதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், சாவைப் பற்றிய நினைப்பும் வருகிறது. அதனால் உங்களுக்கு அந்த ஆறு மாதக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. இப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியது, இந்தச் சிகிச்சை ஏன் பாதியில் நிற்கிறது என்பதைத்தான். டி.எஸ்.ஹெச். (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், பி12 பார்த்தாயிற்றா? தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே களைப்பும் மந்தமும் வரும். டோஸை மாற்ற வேண்டுமா, பேச்சு சிகிச்சையும் சேர்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

வருங்காலத்தில் நிறுத்தும்போதும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. செர்ட்ராலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 26 மணி நேரம் ஆகும். சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் அடித்தது போல ஒரு வெட்டு எல்லாம் வரலாம். நோயே திரும்பிவிட்டது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. 100இலிருந்து 75, 50, 25, 12.5 என்று ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று இறங்குவது ஒரு வழக்கம். கடைசிப் படிகளில் இன்னும் மெதுவாகப் போக வேண்டும், காரணம் இருக்கிறது. 50 மி.கி.யே மூளையில் இந்த மருந்து பிடிக்க வேண்டிய இடங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. 100இலிருந்து 50க்கு வருவது உடம்புக்குச் சின்ன மாற்றம், 50இலிருந்து பூஜ்யத்துக்குப் போவதோ பெரிய பள்ளம். உங்களுக்கான அட்டவணையை மருத்துவர்தான் போட வேண்டும்.

ஃபிஷரின் எல்லா வாதத்தையும் நான் ஏற்கவில்லை. முதலாளித்துவத்துக்கும் மனநோய்க்கும் அவர் போட்ட நேர்க்கோடு சில இடங்களில் அறுந்துபோகிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய 37 சதவீதம். மனச்சிதைவில் அது 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 1980களில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் அன்றைய சோஷலிச ஹங்கேரியும் ஒன்று. துன்பத்தை உற்பத்தி செய்ய ஒரே ஒரு அமைப்புக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அவர் குறி தவறாமல் அடித்த இடம் வேலையிடம். அதற்குச் சான்று அவர் எழுதுவதற்கு வெகு முன்பே அவர் நாட்டில் இருந்தது. மைக்கேல் மார்மட் 1985இல் லண்டன் அரசு அலுவலர்கள் 10,308 பேரை வைத்துத் தொடங்கிய ஒயிட்ஹால் இரண்டாம் ஆய்வில், என்ன வேலை, எப்போது, எப்படி என்பதில் தன் கையில் அதிகாரம் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. வேலைச் சுமை மட்டும் மனிதரை வீழ்த்துவதில்லை. சுமை ஏறிக்கொண்டே போய், அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இறங்கிக்கொண்டே வரும்போதுதான் உடம்பும் மனமும் உடைகின்றன.

பிரிட்டிஷ் கல்லூரிகளில் தணிக்கை பற்றி ஃபிஷர் எழுதிய பக்கங்களை நீங்கள் அடிக்கோடு போட்டே படித்திருப்பீர்கள். அரசு ஆய்வுக்குழு ‘லேசான’ சோதனைதான் செய்யும். ஆனால் அந்தச் சலுகை வேண்டுமென்றால் கல்லூரி தன்னைத் தானே வருடம் முழுக்கச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மேலாளர் வந்து, உங்கள் துறையின் மதிப்பீட்டில் சுயவிமர்சனம் போதவில்லை, இன்னும் எழுதுங்கள், கவலைப்படாதீர்கள், அதை வைத்து யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்கப்போவதில்லை என்று சொன்ன கதை அதில் வரும். வேலை ஒரு பக்கம் போக, வேலை நடந்ததாகக் காட்டும் காகிதமே வேலையாகிவிடுகிறது என்பதுதான் அவர் கண்டது.

கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் ‘நாக்’ (NAAC) அமைப்பின் ஏழு அளவுகோல்களுக்கும் ஃபைல் கட்டுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு விருந்தினர் சொற்பொழிவு நடந்தது என்றால் அழைப்பிதழ், வருகைப் பதிவு, மாணவர் கருத்துப் படிவம், அறிக்கை, ஜியோ-டேக் போட்ட போட்டோ எல்லாம் வேண்டும். பேச்சாளர் நல்லதாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஆசிரியர் போனில் அட்சரேகை சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். இது உங்களைச் சோர்வடையச் செய்தால் அது உங்கள் பலவீனம் இல்லை. பாடம் நடத்துவதில்தான் உங்களுக்கு நிறைவு இருந்தது. அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நிறைவே தராத வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். மனச்சோர்வு சிகிச்சையில், நிறைவு தரும் செயல்களை அன்றாடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்கிறோம். உங்கள் வேலை அதையே தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறது.

இப்போது எனக்குக் கவலை தரும் விஷயம். ‘எதுவும் மாறப்போவதில்லை’ என்பதை ஃபிஷரிடம் கற்றுக்கொண்டதாக நினைக்கிறீர்கள். அந்தப் புத்தகம் சண்டை போடுவதே அந்த வாக்கியத்தோடுதான். வேறு வழியே இல்லை என்று மார்கரெட் தாட்சர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு தலைமுறைக்கே யதார்த்தமாகிப்போனது. எந்த நம்பிக்கையும் ஆபத்தான மாயை என்று நினைக்கும் மனச்சோர்வுக்காரரின் பார்வைக்கு நிகரானது இந்த ‘யதார்த்தம்’ என்று அவர் முதல் பக்கங்களிலேயே எழுதுகிறார். அதாவது அந்த எண்ணத்தை அவர் நோய்க்குறியாகத்தான் பார்த்தார். நிலைமை மோசம் என்று தெரிந்தும், தன்னால் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டி, அந்த முடிவாலேயே ஒன்றும் ஆகாமல் போவதைத் தன் மாணவர்களிடம் பார்த்து, அதை ஒரு பொறி என்றே விவரித்தார். நீங்கள் அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டே அந்தப் பொறிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஓய்வு நேரம் பற்றி அவர் எழுதியதும் சிகிச்சைக்கு உதவும். வகுப்பில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்த மாணவனைக் கேட்டால், பாட்டு எதுவும் ஓடவில்லையே, அப்புறம் என்ன என்கிறான். இன்பத்தை அனுபவிக்க முடியாமை மனச்சோர்வின் பாடப்புத்தக அடையாளம். இந்தப் பிள்ளைகளுக்கோ இன்பத்தைத் தேடுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை, ஆனாலும் எதுவோ குறைகிறது என்பது தெரிகிறது என்றார் ஃபிஷர். ராத்திரி போனை உருட்டிக்கொண்டே ஒரு மணி ஆகிறதென்றால் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். இந்தப் புத்தகத்தையும் ராத்திரியில் தனியாகப் படிக்காதீர்கள், பகலில் படியுங்கள், இன்னொருவரோடு பேசிப் படியுங்கள். இருபது நிமிடம் யோசித்த பிறகு யாரிடமாவது கேட்க ஒரு கேள்வியோ செய்ய ஒரு வேலையோ கிடைத்தால் அது சிந்தனை. முன்பிருந்ததைவிடக் கனமாக மட்டுமே ஆகியிருந்தால் அது நோயின் அசைபோடல். உடனே எழுந்து நடந்துவிடுங்கள்.

அவருடைய மரணம் பற்றி. 2017 ஜனவரி 13 அன்று, 48 வயதில் இறந்தார். இளவயது முதலே விட்டுவிட்டு வந்த மனச்சோர்வைப் பற்றி 2014இல் வெளிப்படையாக எழுதியவர். நீ எதற்கும் லாயக்கில்லாதவன் என்று உள்ளே ஏளனம் செய்யும் குரலை, சமூக சக்திகள் தனக்குள் பதித்த குரலாக அடையாளம் கண்டார். கடைசி மாதங்களில் நிலை மோசமானபோது அவர் சிகிச்சையை உதறவில்லை, மனநல சிகிச்சையைக் கேட்டுப் போனார். அவருடைய பொது மருத்துவரால் அப்போது கொடுக்க முடிந்தது, பரிந்துரை பற்றித் தொலைபேசியில் பேசுவது மட்டும்தான். நோயின் காரணத்தை விளங்கிக்கொள்வதும் நோயிலிருந்து மீள்வதும் ஒன்றல்ல. இதய நிபுணருக்கும் மாரடைப்பு வருகிறது. அவர் சாவு அவர் கருத்துக்குச் சான்றும் ஆகாது, மறுப்பும் ஆகாது. உங்கள் எதிர்காலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். மனசிருந்தால் மார்க்கமுண்டு என்று தனிமனிதரை நம்பவைப்பதை ‘மாய மனவுறுதிவாதம்’ என்று ஃபிஷர் சாடினார். அந்தக் கருத்தை அவர் எடுத்தது நாட்டிங்ஹாமில் பணியாற்றிய உளவியலாளர் டேவிட் ஸ்மெய்லிடமிருந்து. ஸ்மெய்லும் தெரசா ஹேகனும் 1997இல் ‘அதிகார வரைபடம்’ என்ற எளிய கருவியை வெளியிட்டார்கள். ஒரு தாளை நான்காகப் பிரியுங்கள். ஒன்றில் பொருள்வளம்: சம்பளம், கடன், வேலை, படிப்பு, இருக்கும் இடம். இரண்டில் வீடும் குடும்பமும்: பெற்றோர், துணை, பிள்ளைகள், உறவு. மூன்றில் வெளிவட்டம்: நண்பர்கள், சங்கம், ஓய்வு. நான்கில் தன்னுள் இருப்பவை: உடல்நலம், தன்னம்பிக்கை, பட்டது எதனால் என்ற தெளிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எனக்குத் துணையா, பாரமா என்று குறியுங்கள்.

இதில் இரண்டு தவறு அடிக்கடி நேரும். ஒன்று, மொத்தத்தையும் நான்காம் கட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது: எனக்குத் தைரியமில்லை, எனக்குத் திறமையில்லை. மற்றது, மொத்தத்தையும் முதல் கட்டத்தில் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது. நீங்கள் இப்போது இந்த இரண்டாவது தவறில் இருக்கிறீர்கள். உங்கள் வரைபடத்தில் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் என்று நினைக்கிறேன், கடிதத்தில் ஒரு நண்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கூடவே இரண்டு வாரத்துக்கு நேரக் கணக்கு எழுதுங்கள். வகுப்பு, தயாரிப்பு, ஃபைல் வேலை, அட்மிஷனுக்கு அலைவது, ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவு என்று தனித்தனியாக, அரை மணி நேரத் துல்லியத்தில். மனம் சரிந்த நேரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் போகிறதா பாருங்கள். 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட அந்த அளவு உழைப்பவர்களுக்கு பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. உங்கள் துறையில் இன்னும் இரண்டு பேரையும் இதே கணக்கை எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் தாளும் ஒன்றாக வந்ததும், இது என் சோம்பல் என்ற நினைப்பு தானாகவே வலுவிழக்கும். ஃபிஷர் சொன்ன தனியார்மயத்தை உடைக்க எனக்குத் தெரிந்த நேரடி வழி இதுதான்.

பிறகு ஒரே ஒரு கோரிக்கை, ஒரே தேதி. உதாரணத்துக்கு, மாலை ஆறுக்கு மேல் குழுவில் உத்தரவு வரக் கூடாது என்பதோ, ஒரே தரவை இரண்டு படிவத்தில் கேட்கக் கூடாது என்பதோ. மூன்று பேர் கையெழுத்தோடு, ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில். தனியாகப் போகாதீர்கள், தனியாகப் போனவர் பெயர்தான் நிர்வாகத்தின் நினைவில் நிற்கும். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் விழும். புலம்பல் மட்டும் ஓடும் வாட்ஸ்அப் குழுவில் சேராதீர்கள், அங்கே ஒவ்வொருவரும் மற்றவருடைய நம்பிக்கையின்மைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்கள் உடல்நிலை தேறும்வரை முன்னால் நிற்கும் பொறுப்பு வேறொருவருடையதாக இருக்கட்டும். கணக்கைக் கொடுப்பதே இப்போதைக்குப் போதும். நிர்வாகம் மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் வேறு கல்லூரி பார்ப்பதும் ஒரு முடிவுதான், ஆனால் அந்த முடிவை மனம் சரிந்திருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு எடுங்கள்.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 படிவத்தைப் பூர்த்தி செய்து கொண்டுபோங்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை, மொத்தம் 27. பத்தை எட்டினால் மிதமான நோய் இன்னும் இருக்கிறது என்று பொருள், இருபதை எட்டினால் தீவிரம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியை அங்கே மழுப்பாமல் குறியுங்கள். நேரக் கணக்குத் தாள் எத்தனை நாள் எழுதியிருக்கிறீர்களோ அத்தனையையும் கூடவே மேசை மேல் வையுங்கள். வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போங்கள்.